முப்பத்தெட்டு நாள் நாணய ஒன்றியம்: செக்கும் ஸ்லோவாக்கியாவும் கொருனாவைப் பிரித்த விதம்

1993-இல் செக் குடியரசில் புழங்கிய ஆயிரம் கொருனா நோட்டின் முகப்பில் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் படம் இருந்தது. கூடவே தபால்தலை அளவில் ஒரு காகித முத்திரை ஒட்டியிருந்தது. அதில் 1000 என்ற எண்ணும், ரோமன் எண்முறையில் ஆயிரத்தைக் குறிக்கும் 'எம்' எழுத்தும் இருந்தன. ஐந்நூறில் 'டி', நூறில் 'சி'. முத்திரை ஒட்டிய நோட்டு செக் பணம், ஒட்டாத நோட்டு செல்லாது. எல்லைக்கு அப்பால் ஸ்லோவாக்கியா அதே பழைய நோட்டுகளில் தன் முத்திரையை ஒட்டிக்கொண்டது. 1918 முதல், இரண்டாம் உலகப் போர்க் காலம் தவிர, செக்கோஸ்லோவாக்கியா என்ற ஒரே நாடாக இருந்து 1993 ஜனவரி 1 அன்று பிரிந்த இரண்டு நாடுகளின் நாணயம் இப்படி ஒரு பசைக் காகிதத்தால் பிரிந்தது.

அண்டை நாடுகள் நாணயத்தில் ஒன்றிணைவது பற்றிப் பேசும்போது பெரும்பாலும் சேர்வதற்கான தகுதிகளைத்தான் அலசுகிறோம். பணவீக்கம் எவ்வளவு, பற்றாக்குறை எவ்வளவு, வணிகம் எவ்வளவு என்று கேட்கிறோம். ஆனால் ஒரு நாணய ஒன்றியம் எதனால் நிற்கிறது என்பதை அது உடையும்போதுதான் தெளிவாகப் பார்க்க முடியும். அதைப் பார்க்கச் செக்கோஸ்லோவாக்கியாவின் பிரிவைப் போலச் சுத்தமான நிகழ்வு வேறு இல்லை. போர் இல்லை, மிகைப் பணவீக்கம் இல்லை. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிய உடன்படிக்கை இருந்தது. அப்படியிருந்தும் 'குறைந்தது ஆறு மாதம்' என்று தொடங்கிய ஒன்றியம் 1993 ஜனவரி 1 முதல் பிப்ரவரி 7 வரை, 38 நாள்தான் தாங்கியது.

உடன்படிக்கையில் என்ன இருந்தது

1992 ஜூன் தேர்தலில் செக் பகுதியில் வாட்ஸ்லாவ் கிளவுஸும் ஸ்லோவாக் பகுதியில் விளாடிமிர் மெச்சியாரும் வென்றார்கள். கிளவுஸ் பற்றாக்குறையை இறுக்கிப் பிடித்து வேகமாகத் தனியார்மயமாக்க விரும்பினார். மெச்சியாரின் பகுதியில் ஆயுத ஆலைகளும் கனரகத் தொழில்களும் சரிந்துகொண்டிருந்தன. அங்கே வேலையின்மை சுமார் 10 சதவீதம், செக் பகுதியில் சுமார் 3 சதவீதம். ஸ்லோவாக்கியாவுக்குக் கூட்டாட்சி பட்ஜெட்டிலிருந்து போய்க்கொண்டிருந்த நிதி, நாடு பிரிந்தால் நின்றுவிடும். இந்த நிலைமையில் ஒரே வட்டி விகிதம், ஒரே நாணயம் என்பது இருவருக்கும் பொருந்தாது என்று இரு பக்கத்துப் பொருளாதார நிபுணர்களும் அறிந்தே இருந்தார்கள்.

இருந்தும் ஒரே நாளில் நாணயத்தையும் பிரித்தால் வணிகம் குலையும் என்ற அச்சம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஸ்லோவாக்கியாவின் ஏற்றுமதியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு செக் பகுதிக்குத்தான் போனது. செக் ஏற்றுமதியிலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஸ்லோவாக்கியாவுக்கு. அதனால் சுங்க ஒன்றியத்தைக் காலவரையின்றி வைத்துக்கொண்டு, நாணயத்தை மட்டும் குறைந்தது 1993 ஜூன் இறுதிவரை பொதுவாக வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள்.

பழைய கூட்டாட்சி மத்திய வங்கியின் இடத்தில் இரண்டு தேசிய வங்கிகள் வந்தன. மேலே ஒரு நாணயக் குழு. அதில் பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு உறுப்பினர்கள், முடிவுகள் சாதாரணப் பெரும்பான்மையில். மூன்றுக்கு மூன்று என்று நின்றால் அதை உடைக்கும் ஏழாவது வாக்கு இல்லை. எந்த அரசின் பட்ஜெட்டிலும் இந்தக் குழு கை வைக்க முடியாது.

வெளியேறும் நிபந்தனைகளும் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தன. ஒரு நாட்டின் பட்ஜெட் பற்றாக்குறை வருவாயில் 10 சதவீதத்தைத் தாண்டினாலோ, அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஒரு மாத இறக்குமதிக்கும் கீழே போனாலோ, இரு குடியரசுகளுக்கு இடையே நகரும் மூலதனம் மொத்த வங்கி டெபாசிட்டில் 5 சதவீதத்தை மீறினாலோ, குழு அடிப்படை விஷயங்களில் உடன்பட முடியாமல் போனாலோ எந்தப் பக்கமும் விலகலாம்.

படிக்கும்போது பொறுப்பான ஏற்பாடாகத் தெரியும். எங்கள் கணிப்பில் ஒன்றியத்தை முதலில் அரித்தது இந்த நிபந்தனைகள்தான். பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியை மாட்டி வைத்த கதை இது. டெபாசிட்டில் 5 சதவீதம் ஓடிவிட்டால் ஒன்றியம் முடியும் என்று எழுதிவைத்தால், அந்த 5 சதவீதத்தில் தன் பணமும் இருக்கட்டும் என்றுதான் ஒவ்வொரு டெபாசிட்தாரரும் நினைப்பார். ஐந்தாவது சதவீதம் ஓடும்வரை காத்திருப்பவருக்கு எந்த லாபமும் இல்லை.

பணம் எந்த வழியாக ஓடியது

பணம் ஓடுகிறது என்றதும் பெட்டியில் நோட்டை அடுக்கி எல்லை தாண்டுவதைத்தான் பலர் கற்பனை செய்வார்கள். நோட்டு போனது சிறு பங்கு. பெரும் பங்கு வங்கிக் கணக்கு வழியாகவும் வணிகர்களின் பாக்கிக் கணக்கு வழியாகவும் போனது.

கணக்கைப் பிரித்த விதி எளிது. பிரியும் நாளில் எந்த நாட்டு வங்கிக் கிளையில் பணம் இருக்கிறதோ, அந்த நாட்டு நாணயமாக அது மாறும். ஸ்லோவாக் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் ஒருவரிடம் 1,00,000 கொருனா டெபாசிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிந்த பிறகு ஸ்லோவாக் கொருனா 10 சதவீதம் விழும் என்று அவர் எதிர்பார்க்கிறார். பணத்தைச் செக் நகரமான புர்னோவில் உள்ள ஒரு கிளைக்கு மாற்றினால் 10,000 கொருனா இழப்பைத் தவிர்க்கலாம். அவர் எதிர்பார்ப்பு தவறிப்போனால் இழப்பது வங்கிக் கட்டணமும் ரயில் டிக்கெட்டும்தான். இன்னும் இரண்டும் ஒரே நாணயம். மாற்று விகிதம் ஒன்றுக்கு ஒன்று. எந்தத் தடையும் இல்லை. இப்படி ஒருதலையான பந்தயத்தை எந்த நடுத்தரக் குடும்பமும் விடாது. நாடு பிரியும் என்று தெரிந்த 1992 நடுப்பகுதியிலேயே இந்த ஓட்டம் தொடங்கிவிட்டது.

வணிக வழி இதைவிட அகலமானது. ஸ்லோவாக் நிறுவனம் செக் நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கியைத் தவணைக்கு முன்பே அடைத்தது. பின்னால் செக் கொருனா ஏறிவிட்டால் கூடுதலாகத் தர நேரிடுமே என்ற பயம். செக் நிறுவனம் ஸ்லோவாக் நிறுவனத்துக்குத் தர வேண்டியதை இழுத்தடித்தது. ஸ்லோவாக் கொருனா விழுந்த பிறகு கொடுத்தால் மலிவு. யாரும் சட்டத்தை மீறவில்லை, இன்வாய்ஸ் தேதியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினார்கள், அவ்வளவுதான். இரண்டு நாடுகளுக்கு இடையே மாதாமாதம் ஓடும் வணிகம் பெரிதாக இருந்தால், இரண்டு மூன்று வார நகர்வே ஒரு மத்திய வங்கியைத் திணற வைத்துவிடும்.

ஏன் திணற வேண்டும்? கணக்குப் பதிவை ஒருமுறை பார்த்தால் புரியும். பிராட்டிஸ்லாவா ஆலை ஒன்று புர்னோ ஆலைக்கு 10 லட்சம் கொருனா அனுப்புகிறது. ஸ்லோவாக் வணிக வங்கியில் ஆலையின் டெபாசிட் 10 லட்சம் குறைகிறது. அந்த வங்கி மத்திய வங்கியில் வைத்திருக்கும் இருப்பும் 10 லட்சம் குறைகிறது. செக் வங்கியின் இருப்பு அதே அளவு கூடுகிறது. இது ஒரு நாள் என்றால் மறுநாள் எதிர்த்திசை வரவு வந்து சரியாகும். தினமும் ஒரே திசையில் போனால் ஸ்லோவாக் வங்கிகளின் இருப்பு வறண்டு, அன்றாடப் பட்டுவாடாவுக்கே அவை மத்திய வங்கிக் கடனை நம்ப வேண்டிவரும். நாடு ஒன்றாக இருந்தவரை அந்தக் கடன் ஒரே மத்திய வங்கியின் ஐந்தொகைக்குள், அதாவது சொத்து-கடன் பட்டியலுக்குள், அடங்கியது. ஜனவரி 1-க்குப் பிறகு அது செக் தேசிய வங்கி ஸ்லோவாக் தேசிய வங்கிக்குக் கொடுக்கும் கடன் ஆகிவிட்டது. ஒரு நாட்டின் மத்திய வங்கி இன்னொரு நாட்டுக்கு வரம்பில்லாமல் கடன் கொடுப்பதை எந்த நாடாளுமன்றமும் ஏற்காது.

நாணய ஒன்றியத்தின் உண்மையான ஆயுள் ரேகை இந்தக் கடன் கணக்குதான் என்பதே இந்த ஆய்வு சொல்ல வருவது. அந்தக் கணக்குக்கு உச்சவரம்பு வைத்து, மேலே ஒரு முடிவுத் தேதியும் எழுதிவிட்டால், நோட்டில் யார் படம் இருந்தாலும் அது ஒரே நாணயம் அல்ல. ஒன்றுக்கு ஒன்று என்று தற்காலிகமாகக் கட்டப்பட்ட இரண்டு நாணயங்கள்.

எதிர் உதாரணம் ஐரோப்பாவிலேயே இருக்கிறது. 2012-இல் ஸ்பெயின், இத்தாலி, கிரேக்க வங்கிகளிலிருந்து ஜெர்மன் வங்கிகளுக்கு இதே மாதிரிப் பணம் ஓடியது. யூரோ நாடுகளின் மத்திய வங்கிகளுக்கு இடையிலான 'டார்கெட்' கணக்கில் ஜெர்மனிக்கு வரவேண்டிய பாக்கி அந்த ஆண்டு 75,000 கோடி யூரோவை எட்டியது. செக் தேசிய வங்கி பார்த்ததை விடப் பல மடங்கு பெரிய ஓட்டம் அது. யூரோ உடையவில்லை. அந்தக் கணக்குக்கு உச்சவரம்பு இல்லை, முடிவுத் தேதியும் இல்லை. ஜூலை 26 அன்று ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மாரியோ டிராகி, யூரோவைக் காக்கத் தேவையானது எதுவானாலும் செய்வோம் என்று அறிவித்த பிறகு ஓட்டம் தணிந்து, பாக்கி மெல்லக் குறைந்தது.

பிரிப்பு: நாள்வாரியாக

ஜனவரி 19 அன்று செக் அரசும் யோசெஃப் தொஷோவ்ஸ்கி தலைமையிலான செக் தேசிய வங்கியும் ஒன்றியத்தை முடித்துக்கொள்ள உள்ளுக்குள் தீர்மானித்தன. வெளியே சொல்லவில்லை. இதைக் கபடம் என்று குறை கூறுவோர் உண்டு. ஆனால் இரண்டு வாரம் முன்னதாகத் தெரிந்திருந்தால் ஸ்லோவாக் வங்கிகளின் வாசலில் வரிசை நின்றிருக்கும். அதனால் நொறுங்குவது ஸ்லோவாக் டெபாசிட்தாரர்தான்.

பிப்ரவரி 2, செவ்வாய்: அறிவிப்பு வெளியானது. மறுநாள் முதல் இரு நாடுகளுக்கு இடையிலான வங்கிப் பட்டுவாடா நிறுத்தப்பட்டது. எல்லையில் நோட்டுக் கடத்தலுக்கு எதிராகச் சோதனை இறுகியது.

பிப்ரவரி 4, வியாழன் முதல் 7, ஞாயிறு வரை: நோட்டு மாற்றம். ஒருவர் 4,000 கொருனா வரை ரொக்கமாக மாற்றலாம். அது ஒரு மாதச் சராசரிச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் கையில் இருப்பதை வங்கிக் கணக்கில் போட வேண்டும். அது பிறகு புதிய நாணயமாக வரவாகும்.

பிப்ரவரி 8, திங்கள்: இரண்டு நாணயங்கள்.

இந்த நான்கு நாளில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் சில உண்டு. முதலாவது, எதை மாற்றாமல் விட்டார்கள் என்பது. செக் பக்கம் முத்திரை ஒட்டியது 100, 500, 1000 நோட்டுகளில் மட்டுமே. காசுகளும், 50 கொருனா தாளும், அதற்குக் கீழ்ப்பட்ட தாள்களும் பல மாதம் பழையபடியே செல்லுபடியாயின. மதிப்பில் பார்த்தால் சில்லறை மொத்தப் புழக்கத்தில் சிறு துளி. ஆனால் எண்ணிக்கையில் அதுதான் மலை. அதையும் நான்கு நாளில் மாற்றப் போயிருந்தால் பேருந்து டிக்கெட் முதல் ரொட்டிக் கடை வரை நின்றுபோயிருக்கும். யாராவது சில்லறையைச் சாக்கில் கட்டி எல்லை தாண்டிக் கொண்டுவந்தாலும் நட்டம் சிறியது. எந்த நோட்டு மாற்றத்திலும் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்: எந்த மதிப்புக்குக் கீழே போனால் மாற்றும் செலவு, கடத்தலால் வரும் நட்டத்தை மிஞ்சுகிறது?

இரண்டாவது, முத்திரை என்ற தேர்வு. புதிய நோட்டு வடிவமைத்து, பாதுகாப்புக் காகிதம் வரவழைத்து, அச்சடித்து முடிக்கப் பல மாதம் பிடிக்கும். ஒட்டுமுத்திரையைச் சில வாரத்தில் ரகசியமாக அச்சடித்து, வங்கிப் பெட்டகத்தில் இருக்கும் பழைய நோட்டுக் கட்டுகளில் ஒட்டித் தயாராக வைத்துவிடலாம். மக்கள் ஒட்டாத நோட்டைக் கொடுத்து ஒட்டிய நோட்டை வாங்கிப் போவார்கள். முத்திரையின் பலவீனமும் வெளிப்படையானது. அது உரியும், ஈரத்தில் கிழியும், நோட்டைவிட எளிதாகப் போலி செய்யலாம். அதனால் அதை நீண்ட நாள் புழக்கத்தில் விடக்கூடாது. புதிய 200 கொருனா நோட்டு பிப்ரவரி 8 அன்றே வெளிவந்தது, மற்ற மதிப்புகள் ஆண்டு முழுவதும் அடுத்தடுத்து வந்தன. ஆகஸ்டு இறுதிக்குள் இரு நாடுகளிலும் முத்திரை நோட்டுகள் விடைபெற்றன.

மூன்றாவது, இந்த மண்ணில் இந்த வேலை புதிதல்ல. 1918-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்த பிறகு, 1919-இல் புதிய செக்கோஸ்லோவாக்கியாவின் நிதியமைச்சர் அலோயிஸ் ராஷின் இதையேதான் செய்தார். பிப்ரவரி 25 இரவு எல்லையை மூடி, மார்ச் 3 முதல் 9 வரை பேரரசின் நோட்டுகளில் முத்திரை ஒட்ட வைத்தார். வியன்னாவில் இன்னும் அச்சாகிக்கொண்டிருந்த நோட்டு உள்ளே வந்து விலைவாசியை ஏற்றக்கூடாது என்பது நோக்கம். ஆனால் அவர் இன்னொன்றும் செய்தார். கொண்டுவந்த பணத்தில் பாதியை அரசுக் கடனாகப் பிடித்துவைத்துக்கொண்டு, 1 சதவீத வட்டிதான் தந்தார். 1993-இல் யாரிடமும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை, ஒன்றுக்கு ஒன்று முழுதாகக் கொடுத்தார்கள். நான்கு நாள் அமைதியாக நடந்ததற்கு இதுவே பெரும் காரணம் என்பது எங்கள் எண்ணம். பணம் முழுதாகத் திரும்ப வரும் என்று நம்புகிறவர் வரிசையில் பொறுமையாக நிற்பார்.

சீக்கிரம் வெட்டிக்கொள்ளாமல் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ரூபிள் மண்டலம் அதே நேரத்தில் சாட்சியாக நின்றது. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகும் ரூபிள் நோட்டை மாஸ்கோ மட்டுமே அச்சடித்தது. ஆனால் கணக்கில் ரூபிள் கடன் கொடுக்கும் வேலையைக் குடியரசுகளின் மத்திய வங்கிகள் அவரவர் இஷ்டப்படி செய்தன. அதிகம் கடன் கொடுத்தவருக்கு அதிகப் பொருள் கிடைத்தது, விலைவாசி உயர்வு எல்லாருக்கும் பங்காகப் போனது. 1992 ஜூனில் எஸ்தோனியா வெளியேறியது. ரஷ்யா 1993 ஜூலையில் பழைய ரூபிள் நோட்டுகளை அதிரடியாகச் செல்லாததாக்கியது.

வெட்டிய பிறகு வணிகம்

நாணயம் பிரிந்தாலும் ஆலைகள் பிரியவில்லை. செக் தொழிற்சாலை ஸ்லோவாக் உதிரிபாகத்தை நம்பியிருந்தது. ஸ்லோவாக் எஃகுக்குச் செக் வாடிக்கையாளர் இருந்தார். ஆனால் இரு நாடுகளிடமும் டாலர் கையிருப்பு மெலிவு, ஸ்லோவாக்கியாவிடம் மிக மெலிவு. ஒவ்வொரு இன்வாய்ஸையும் வெளிநாட்டுச் செலாவணியில் தீர்க்கச் சொன்னால் பாதிச் சரக்கு கிடங்கிலேயே கிடக்கும்.

அதற்காகப் போட்டதுதான் கிளியரிங் கணக்கு. இரு நாட்டு வணிகப் பட்டுவாடாக்கள் இரண்டு மத்திய வங்கிகள் வழியாக, அன்றைய ஐரோப்பிய நாணய அலகான எக்யுவில் பதிவாகும். ஏற்றுமதியாளர் தன் நாட்டு வங்கியில் தன் நாட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்வார். மத்திய வங்கிகள் வரவையும் பற்றையும் கழித்து நிகர பாக்கியை மட்டும் வைத்திருக்கும். பாக்கி 13 கோடி எக்யுவுக்குள் இருக்கும்வரை அது கடன். அதைத் தாண்டிய தொகையைச் செலாவணியில் கொடுத்துத் தீர்க்க வேண்டும். பிப்ரவரி 8-க்கு முந்தைய பாக்கிகள் தனிக் கணக்கில், பழைய ஒன்றுக்கு ஒன்று விகிதத்திலேயே தீர்க்கப்பட்டன. இந்தப் பிரிவினை முக்கியம். பழைய கடனையும் புதிய விகிதத்தில் தீர்க்கச் சொல்லியிருந்தால், இன்வாய்ஸை இழுத்தடித்த நிறுவனங்களுக்கு அது பரிசாகியிருக்கும்.

கணக்கில் ஒரு வால்வும் வைத்தார்கள். ஒவ்வொரு நாடும் கிளியரிங்குக்கான தன் விகிதத்தை எக்யுவுக்கு எதிராக 5 சதவீதம் வரை ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். ஸ்லோவாக்கியா சீக்கிரமே 5 சதவீதம் முழுவதும் இறக்கியது. ஆனாலும் அந்த ஆண்டு ஜூலை 10 அன்று ஸ்லோவாக் கொருனாவின் பொது மதிப்பையே 10 சதவீதம் குறைக்க நேர்ந்தது. பிராட்டிஸ்லாவாவின் அந்த டெபாசிட்தாரரின் கணிப்பு பொய்க்கவில்லை.

வணிகம் முதல் ஆண்டில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அதை முழுக்க நாணயப் பிரிவின் தலையில் போடுவது சரியல்ல. ஜனவரி 1 அன்றே இரு நாடுகளிலும் மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதுவரை உள்நாட்டு விற்பனையாக இருந்தது ஒரே இரவில் இறக்குமதி ஆனது. எல்லையில் புதிய படிவம், புதிய வரிக் கணக்கு. எந்தப் பங்கு எதனால் என்று பிரிக்க அந்த ஆண்டுப் புள்ளிவிவரம் இடம் தராது. கிளியரிங் இல்லாமல் இருந்திருந்தால் சரிவு இன்னும் ஆழமாக இருந்திருக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

கிளியரிங்குக்கும் ஒரு நோய் உண்டு. 13 கோடி எக்யு வரை கடன் தானாகக் கிடைக்கும்போது, பற்றாக்குறை நாட்டுக்கு விகிதத்தைத் திருத்தும் அவசரம் குறைகிறது. வரவு நாட்டுக்குத் தன் பணம் பாக்கியாகவே கிடக்கிறது. செக் கொருனா வலுப்பெற்று, 1995-இல் உலகச் சந்தையில் தாராளமாக மாற்றக்கூடியதாக ஆனபோது செக் தரப்புக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியோடு அது முடிந்தது. சுங்க ஒன்றியமோ, இரு நாடுகளும் 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்வரை தாக்குப்பிடித்தது.

தீராமல் கிடந்த பாக்கி

கூட்டாட்சிச் சொத்துகளை மக்கள்தொகைப்படி இரண்டுக்கு ஒன்று என்று பிரிப்பது ஒப்புக்கொண்ட விதி. செக் மக்கள்தொகை ஒரு கோடிக்குச் சற்று மேல், ஸ்லோவாக் மக்கள்தொகை அதில் பாதி. கட்டடமும் நிலமும் இருக்கும் இடத்துக்கே சொந்தம். பழைய மத்திய வங்கியின் ஐந்தொகையைப் பிரிக்கும்போதுதான் சிக்கல். ஸ்லோவாக் வங்கிகளுக்குப் போயிருந்த கடன்கள் ஸ்லோவாக் பக்கச் சொத்தில் கூடுதலாக நின்றன. இரண்டுக்கு ஒன்று என்று பார்த்தால் ஸ்லோவாக் பக்கம் தன் பங்குக்கு மேல் பெற்றுவிட்டது, அதனால் சுமார் 2,500 கோடி கொருனா தர வேண்டும் என்றது செக் தரப்பு. அப்படி ஒரு கடனே இல்லை என்றது ஸ்லோவாக் தரப்பு. செக் தேசிய வங்கி ஸ்லோவாக்கியாவுக்குச் சேர வேண்டிய சுமார் 4 டன் தங்கத்தைத் தராமல் வைத்துக்கொண்டது.

நான்கு நாளில் நோட்டைப் பிரித்தவர்களுக்கு இந்த ஒரு வரிப் பதிவைத் தீர்க்க ஏழு ஆண்டு ஆயிற்று. செக் பிரதமர் மிலோஷ் ஸேமனும் ஸ்லோவாக் பிரதமர் மிக்குலாஷ் ஸுரிண்டாவும் பதவியில் இருந்த 2000-இல்தான் பரஸ்பரக் கோரிக்கைகளைக் கைவிட்டு உடன்பட்டார்கள். தங்கம் பிராட்டிஸ்லாவாவுக்குத் திரும்பியது. 2009 ஜனவரி 1 அன்று ஸ்லோவாக்கியா 30.1260 கொருனாவுக்கு ஒரு யூரோ என்ற விகிதத்தில் தன் நாணயத்தைக் கைவிட்டு, முடிவுத் தேதி இல்லாத ஒன்றியத்தில் சேர்ந்தது. செக் குடியரசு இன்றும் கொருனாவை வைத்திருக்கிறது.